கல்லில் தேடிய உயிர்

1976-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் அமெரிக்காவின் வைக்கிங் 1 சுற்றுகலம் செவ்வாய்க் கோளை வலம் வந்தவாறே கீழிருந்த நிலத்தைப் படமெடுத்துக் கொண்டிருந்தது. அதனோடு சென்ற இறங்குகலம் ஐந்து நாள்களுக்கு முன்புதான் செவ்வாயின் தரையில் கால் பதித்திருந்தது. பின்னால் வந்து கொண்டிருந்த வைக்கிங் 2-க்குத் தகுந்ததோர் இறங்குதளம் தேட வேண்டியிருந்தது. அவ்வாறு தேடுகையில், வடபாதியிலுள்ள சிடோனியா என்னும் வட்டாரத்தை ஏறத்தாழ 1,870 கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த படமொன்றில், குன்றுகளுக்கு நடுவே ஒரு மனித முகம் வானத்தை நோக்கிப் படுத்திருக்கக் கண்டனர். கண்குழிகள், மூக்கு, வாய், தலையைச் சூழ்ந்து மகுடம் போன்றதொரு விளிம்பு யாவும் அதில் இருந்தன. முகத்தின் நீளமோ சுமார் இரண்டு கிலோமீட்டர்!

ஆறு நாள் கழித்து நாசா நிறுவனம் அப்படத்தைப் பத்திரிகைகளுக்கு வழங்கியது. ஒளியும் நிழலும் சேர்ந்து செய்த மாயம் இது என்னும் விளக்கமும் உடன் தரப்பட்டது. உலகம் விளக்கத்தை மறந்துவிட்டது, முகத்தை மறக்கவில்லை. அழிந்துபட்ட ஒரு நாகரிகத்தின் நினைவுச் சின்னம் என்று நூல்கள் எழுந்தன. அருகிலிருந்த குன்றுகள் பிரமிடுகள் ஆயின. அவற்றிற்கிடையே கோணங்களை அளந்து கணக்கெழுதியவர்களும் உண்டு. அரசு எதையோ மறைக்கிறது என்னும் குற்றச்சாட்டு இருபது ஆண்டுக்கு மேல் ஓயாமல் ஒலித்தது. 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மார்ஸ் அப்சர்வர் என்னும் கலம் செவ்வாயை அடையும் தறுவாயில் தொடர்பிழந்தபோது, அதையுங்கூட மறைப்பு வேலையென்று சொன்னார்கள்.

அப்படத்தை நாமும் பார்த்திருக்கிறோம். அது குன்றுதான் என்பதைத் தெளிவாக அறிந்த பின்னர் மீண்டும் பார்த்தோம். அறிவு குன்று என்கிறது. கண் முகம் என்றே சொல்கிறது. மூக்கின் துளை போலத் தோன்றும் கரும்புள்ளி, வானொலி அலை வழியே படம் வந்தபோது விடுபட்டுப்போன ஒரு தகவல் துணுக்கு என்று படித்திருந்தோம். படித்த பின்பும் அது மூக்குத் துளையாகவே தோன்றிற்று. இந்த அனுபவந்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. செவ்வாயின் கற்களிலும், செவ்வாயிலிருந்து நம் உலகிற்கு வந்து விழுந்த கல்லிலும் உயிரின் வடிவத்தைக் கண்டதாகச் சொன்னவர்களின் வரலாறு நீண்டது. அவர்களுள் ஏமாற்றுக்காரர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் நேர்மையாளர்கள், சிலர் தம் துறையில் தலைசிறந்தவர்கள்.

கல்லில் உள்ள உருவம் ஒரு காலத்தில் உயிரோடிருந்ததா, அன்றிக் கல்லிலேயே பிறந்ததா என்னும் வினா செவ்வாய்க்குச் செல்வதற்கு நெடுங்காலம் முன்பே இப்பூமியில் எழுந்த வினாவாகும். பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி, அரேபியப் பாலைவனம் முன்னொரு காலத்தில் கடலாக இருந்தது என்று எழுதினார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று, உடைத்தால் உள்ளே சிப்பியும் சோழியும் காணப்படும் கற்கள். அவர் காலத்தவரான இப்னு ஸீனா தம் 'கிதாபுஷ் ஷிஃபா'வில், செடிகளும் விலங்குகளும் கல்லாக மாறுவதற்குச் சில இடங்களில் அமைந்துள்ள கல்லாக்கும் ஆற்றலே காரணம் என்றார். தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் களிமண்ணை ஜைஹூன் ஆற்றங்கரையில் சிறுவயதில் பார்த்ததாகவும், ஏறத்தாழ 23 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அது மென்கல்லாகிக் கிடந்ததாகவும் அவர் குறித்துள்ளார். தாம் கண்ணால் கண்டதை ஆண்டுக் கணக்கோடு சொல்லும் இம்முறை நம்மைப் பெரிதும் கவர்கிறது. அப்பகுதி 1200-ஆம் ஆண்டை ஒட்டி இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, நெடுங்காலம் அரிஸ்டாட்டிலின் எழுத்தென்றே ஐரோப்பாவில் படிக்கப்பட்டது.

ஆயினும் பின்வந்த நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அறிஞர் பலர், பாறைக்குள் கிடந்த சிப்பிகளை இயற்கையின் விளையாட்டு என்று ஒதுக்கினர். நாக்கு வடிவக் கற்கள் எனப்பட்டவை சுறாமீனின் பற்களே என்று 1667-இல் நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் டென்மார்க் நாட்டு மருத்துவர் எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. உண்மையான புதைபடிவத்தை வெறுங்கல் என்று தள்ளியது அக்காலத்துப் பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழை திசைமாறிற்று.

கனடா நாட்டின் மிகப் பழைய பாறைகளில் வெண்மையும் பசுமையும் அடுக்கடுக்காய் அமைந்த பளிங்குக் கற்கள் கிடைத்தன. ஜான் வில்லியம் டாசன் என்னும் புகழ்பெற்ற நிலவியலறிஞர் அவற்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, உலகின் முதல் உயிரி இதுவே என்று முடிவு கட்டினார். 'கனடாவின் விடியற்கால விலங்கு' என்று பொருள்படும் 'இயோசூன் கனடென்ஸி' என்ற பெயரும் சூட்டினார். டார்வின் தம் பெருநூலின் 1866-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனைச் சேர்த்துக்கொண்டார். அதே ஆண்டில் அயர்லாந்தைச் சேர்ந்த கிங், ரௌனி ஆகிய இருவர் அது உயிரியன்று, வெப்பத்தால் உருவான கனிம அடுக்கு என்று மறுத்தனர். வழக்கு முப்பது ஆண்டுகள் நடந்தது. 1894-இல் வெசுவியஸ் எரிமலை வெளியே எறிந்த சுண்ணாம்புக் கட்டிகளில் அதே அடுக்குகள் காணப்பட்டபோது அறிவுலகம் தீர்ப்பு வழங்கிவிட்டது; எரிமலைக் குழம்பில் எந்த விலங்கும் வாழ்ந்திருக்க இயலாதன்றோ! டாசன் மட்டும் 1899-இல் மறையும்வரை தம் கருத்தை விடவில்லை.

விண்கற்களிலும் இதே கதைதான். ஜெர்மானிய வழக்கறிஞரான ஓட்டோ ஹான் என்பவர் 1880-இல் வெளியிட்ட நூலில், விண்கற்களின் மெல்லிய சீவல்களைப் படமெடுத்து, பவளப் பூச்சிகளும் கடற்பஞ்சுகளும் இதோ என்று காட்டினார். அவர் கண்டவை விண்கற்களில் இயல்பாகவே அமையும் சிறு கனிம உருண்டைகள். கார்ல் வோக்ட் என்னும் விலங்கியலறிஞர் இரண்டே ஆண்டுகளில் அதனை நிறுவினார்.

அதனினும் சுவையானது ஓர்கேய் விண்கல்லின் வரலாறு. 1864-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் தென்பிரான்சில் விழுந்த அக்கல் கரிமப் பொருள் மிகுந்தது. 1961-இல் கிளாஸ், நாகி என்னும் இருவர் அதனுள்ளே நுண்பாசி போன்ற வடிவங்களைக் கண்டதாக அறிவித்தனர். சிகாகோவைச் சேர்ந்த எட்வர்ட் ஆண்டர்ஸ் அவற்றுள் சிலவற்றைச் சோதித்து, அவை நம் பூமியில் தும்மலை உண்டாக்கும் ஒருவகைக் களைச்செடியின் மகரந்தத் துகள்கள் என்று காட்டினார். அத்தோடு முடியவில்லை. விழுந்த ஆண்டிலிருந்தே மொந்தோபான் நகர அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் குடுவையில் மூடிவைக்கப்பட்டிருந்த ஒரு துண்டை ஆராய்ந்தபோது, அதனுள் கோரைச் செடியின் விதைகளும் நிலக்கரித் துணுக்குகளும் இருந்தன. எவரோ கல்லை ஈரமாக்கி, விதைகளை உள்ளே புதைத்து, மேலே பசை தடவி, வெந்த மேலோடு போலச் செய்திருக்கிறார்! அதே 1864-ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் லூயி பாஸ்டர், உயிரற்றதிலிருந்து உயிர் தானே தோன்றாது என்று பாரிசில் புகழ்பெற்ற சொற்பொழிவை ஆற்றியிருந்தார். அந்த விவாதத்தை எள்ளி நகையாடவே எவரோ இதனைச் செய்திருக்கலாம் என்பது ஆண்டர்ஸ் குழுவினரின் ஊகம். குறும்பு செய்தவருக்கு வந்த கேட்டைப் பாருங்கள்: அடுத்த நூறாண்டுகள் வரை அக்குடுவையை ஒருவரும் அக்கறையோடு பார்க்கவேயில்லை.

இனிச் செவ்வாய்க்கு வருவோம். 1877-இல் மிலான் நகர வானியலறிஞர் ஷியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டு அவற்றை 'கனாலி' என்றார். வாய்க்கால், கால்வாய் என்னும் இரண்டுக்கும் பொதுவான அந்த இத்தாலியச் சொல் ஆங்கிலத்தில் வெட்டப்பட்ட கால்வாயாக மாறிற்று. பாஸ்டன் நகரச் செல்வரான பெர்சிவல் லோவெல் 1894-இல் அரிசோனாவில் வானாய்வுக் கூடமே எழுப்பி, வறண்டு சாகும் ஒரு கோளின் மாந்தர் துருவப் பனிநீரைக் கொண்டுவர வெட்டிய கால்வாய்கள் அவை என்று மூன்று நூல்கள் எழுதினார். டார்வினோடு இணையாக எண்ணப்பட்ட ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் தம் 84-ஆம் வயதில், 1907-இல், செவ்வாயின் குளிரையும் வளியின் மென்மையையும் கணக்கிட்டு லோவெலை மறுத்து ஒரு சிறுநூல் எழுதினார். பெரும்பாலும் வாலஸ் சொன்னதே சரியாயிற்று.

இங்கே ஒரு சோதனையைக் குறிப்பிட்டாக வேண்டும். 1903-இல் மாண்டர், எவான்ஸ் என்னும் இருவர் இலண்டனை அடுத்த கிரினிச்சில் ஒரு பள்ளிச் சிறுவர்களை வெவ்வேறு தொலைவில் அமர்த்தி, ஒரு வட்டப் படத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். படத்தில் ஒழுங்கற்ற புள்ளிகளும் கறைகளுமே இருந்தன. ஒரு குறிப்பிட்ட தொலைவில் இருந்த சிறுவர்கள் நேர்கோடுகளை வரைந்து கொடுத்தார்கள்! கண்ணுக்குத் தனித்தனியே பிடிபடாத புள்ளிகளை மனம் கோடாக இணைத்துக் கொள்கிறது. இதனை அறிந்தபோது நமக்கு இப்னுல் ஹைதமின் 'கிதாபுல் மனாளிர்' நினைவுக்கு வந்தது. பார்வை என்பது கண்ணின் தொழில் மட்டுமன்று, முன்பு கண்டவற்றோடு ஒப்பிட்டு மனம் செய்யும் தீர்ப்பும் அதில் கலந்துள்ளது என்று அந்நூல் விரித்துரைக்கிறது. தொலைவு, ஒளி, அளவு, பார்க்கும் நேரம் முதலியன தக்க எல்லையைக் கடக்கும்போது பார்வை பிழைபடும் வகைகளை ஆராய்வதற்கே அதன் மூன்றாம் பாகம் ஒதுக்கப்பட்டுள்ளது. சிடோனியாவின் முகத்திலும் குறைபட்டிருந்தவை தொலைவும் ஒளியுமே.

1965 ஜூலையில் மாரினர் 4 செவ்வாயைக் கடந்து சென்று இருபத்திரண்டு படங்களுக்குள் அனுப்பியது. கால்வாயில்லை; நிலவைப் போன்ற வட்டப் பள்ளங்கள் இருந்தன. லோவெலின் உலகம் அன்றே மறைந்தது. ஆனால் 1971 நவம்பரில் சென்றடைந்த மாரினர் 9, தூசுப்புயல் அடங்கிய பின், வற்றிப்போன ஆற்றுப் படுகைகளைப் படம் எடுத்தது. கால்வாயை வெட்டியவர் இல்லை என்பது உறுதியாயிற்று; ஆயினும் ஒருகாலத்தில் அங்கே நீர் ஓடியிருக்கிறது. உயிரைப் பற்றிய நம்பிக்கை வேறு வடிவில் திரும்பி வந்தது.

சிடோனியாவின் முகத்திற்கு 1998 ஏப்ரல் 5-இல் முடிவு வந்தது. மார்ஸ் குளோபல் சர்வேயர் பத்து மடங்கு கூர்மையான படத்தை எடுத்தது. 2001 ஏப்ரலில் இன்னும் கூர்மையாக எடுத்தது. தேய்ந்து சரிந்த ஒரு தட்டைமேடு தெரிந்தது, கண்ணுமில்லை, வாயுமில்லை. நம்பினோர் சிலர், மெல்லிய மேகம் முகத்தை மறைத்துவிட்டது என்றார்கள். அவர்களைப் பற்றி மேலும் சொல்வதற்கில்லை.

நாம் அதிகமாகத் தங்கி நோக்க வேண்டியது வேறொரு கல்லை. 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் அண்டார்டிகாவின் ஆலன் குன்றுகள் அருகே, நீலப் பனிப்பரப்பில் விண்கல் தேடிச் சென்ற குழுவில் இருந்த ராபர்ட்டா ஸ்கோர் என்னும் பெண்மணி, உருளைக்கிழங்கு அளவினும் பெரிய ஒரு கல்லைக் கண்டெடுத்தார். எடை சுமார் 1.9 கிலோகிராம். ஏஎல்எச் 84001 என்று எண்ணிடப்பட்டு, சாதாரணச் சிறுகோள் துண்டு என்று வகைப்படுத்தப்பட்டு, ஒன்பது ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது. 1993-இல்தான் மிட்டில்பெல்ட் என்பவர் அது செவ்வாய்க் கல் என்று கண்டுகொண்டார். செவ்வாய்க் கல் என்பதை எவ்வாறு அறிந்தார்கள் என்று வாசகர் கேட்கலாம். இத்தகைய கற்களில் ஒன்றினுள் அடைபட்டிருந்த வளியின் கலவை, வைக்கிங் இறங்குகலம் செவ்வாயில் அளந்த வளியோடு ஒத்திருப்பதை 1983-இல் கண்டறிந்தனர். அக்கற்களின் குடும்ப அடையாளம் அதனால் தெரிந்தது. ஆலன் குன்றின் கல், செவ்வாயில் ஏறத்தாழ 409 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகியது. சுமார் 1 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு மோதலால் விண்ணில் எறியப்பட்டு அலைந்து, சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் நம் பனிக்கண்டத்தில் விழுந்தது.

1996 ஆகஸ்டு 7-ஆம் நாள் வாஷிங்டனில் நாசா தலைமையகத்தில் டேவிட் மெக்கேயும் அவர்தம் தோழர்களும் அக்கல்லைப் பற்றி அறிவித்தனர். நான்கு சான்றுகளை அவர்கள் முன்வைத்தார்கள். கல்லின் வெடிப்புகளில் நீரால் படிந்த கார்பனேட் மணிகள் இருந்தன. அம்மணிகளின் அருகே சிக்கலான கரிமச் சேர்மங்கள் இருந்தன. பூமியில் சில பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் செய்துகொள்ளும் மேக்னடைட் படிகங்களைப் போன்றவை இருந்தன. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் புழுப் போன்ற, முட்டை போன்ற வடிவங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வேறு விளக்கம் உண்டு, ஆனால் நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால் தொல்பழங்கால உயிரின் சான்றாகக் கருதுகிறோம் என்பதே அவர்கள் வாதம். அன்றே குடியரசுத் தலைவர் கிளிண்டன் வெள்ளை மாளிகையின் புல்வெளியில் நின்று அக்கல்லைப் பற்றி உரையாற்றினார். மறுநாள் உலகப் பத்திரிகைகளில் இடம்பெற்றதோ நான்காவது சான்றாகிய புழு வடிவப் படம் மட்டுமே. மெக்கே அதைத் தம் வாதத்தின் அடித்தளமாக வைக்கவில்லை. ஆனால் படமாகக் காட்டக்கூடியது அது ஒன்றுதான்.

அவ்வடிவங்கள் மிக மிகச் சிறியவை. பெரும்பாலானவை 20 முதல் 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். தனித்து வாழும் உயிரணு ஒன்று தன் வேதியியல் தொழிலை நடத்துவதற்குக் குறைந்தது எவ்வளவு இடம் வேண்டும் என்று ஆராய அமெரிக்க அறிவியல் கழகம் 1998-இல் ஒரு கூட்டம் நடத்தியது. ஏறத்தாழ 200 நானோமீட்டர் என்பது அவர்கள் கண்ட எல்லை. அதற்கு முன்பே, 1997-இல், பிராட்லியும் பிறரும் அப்'புழுக்கள்' பலவும் கனிம அடுக்குகளின் விளிம்புகளே என்றும், நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகக் கல்மீது பூசும் மெல்லிய உலோகப் பூச்சு அவற்றை உடல் போலக் காட்டிற்று என்றும் எழுதினார்கள். கரிமப் பொருளில் கணிசமான பகுதி அண்டார்டிகாவின் பனிநீர் வழியே கல்லுக்குள் புகுந்ததென்று 1998-இல் ஆய்வுகள் வெளிவந்தன. மேக்னடைட் படிகங்களுக்காக மெக்கேயின் தோழியான கேத்தி தாமஸ்-கெப்ர்டா நீண்ட நாள் வாதாடினார். இரும்புக் கார்பனேட்டை வெப்பப்படுத்தினால் அத்தகைய படிகம் கிடைக்கும் என்று ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டினார்கள் எதிர்த்தரப்பினர். 2022 ஜனவரியில் ஆண்ட்ரூ ஸ்டீல் குழுவினர், கல்லிலுள்ள செவ்வாய்க்குரிய கரிமப் பொருள் பாறையும் நீரும் வினைபுரிந்ததால் உண்டானது என்று முடிவு கூறினர்.

மெக்கே 2013-இல் மறைந்தார். அவரை எள்ளி எழுதியோர் பலர். அவ்வாறு எழுதுவது தகாது என்பது நம் கருத்து. அவர் கல்லை மறைத்து வைக்கவில்லை. கேட்டவர்க்குத் துண்டுகள் கிடைத்தன. ஒவ்வொரு மறுப்பும் அவர் கண்முன்னே அச்சாயிற்று. அவர் எழுப்பிய வினாவுக்கு விடை காணப் புகுந்தவர்கள், வெறும் பாறை எவ்வளவு தூரம் உயிரைப் போல நடிக்க வல்லது என்பதை முதன்முறையாக ஒழுங்காகக் கற்றார்கள்.

அன்றைய அரங்கில் மறுப்பாளராக அழைக்கப்பட்டு அமர்ந்திருந்தவர் வில்லியம் ஷாப். பூமியின் மிகப் பழைய நுண்ணுயிர்ப் படிவங்களைக் கண்டவர் என்று பெயர் பெற்றவர். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஏபெக்ஸ் பாறையில், சுமார் 346 கோடி ஆண்டுப் பழமையுள்ள இழை வடிவங்களைப் பதினொரு இனமாகப் பிரித்து 1993-இல் அவர் வெளியிட்டிருந்தார். மெக்கேயின் சான்று போதாதென்று அவர் அரங்கிலேயே கூறினார். அது நேர்மையான சொல். ஆனால் ஆறு ஆண்டு சென்று, 2002-இல், ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மார்ட்டின் பிரேசியர் ஷாப்பின் சொந்தக் கற்களையே எடுத்து ஆராய்ந்தார். அப்பாறை கடலடிப் படிவமன்று, வெந்நீர் பாய்ந்த வெடிப்பில் உருவானது. இழைகள் உயிரிகள் அல்ல, படிகங்களைச் சுற்றி ஒதுங்கிய கரிப்பொருள் என்றார். ஷாப் விடவில்லை. 2017-இல் கரிம ஐசோடோப்புகளை அளந்து தம் முடிவை மீண்டும் நிலைநாட்ட முயன்றார். அவ்வழக்கு இன்னும் முற்றாக முடியவில்லை. கிரீன்லாந்தில் 370 கோடி ஆண்டுப் பழமையான பாசிப்படிவ மேடுகள் என்று 2016-இல் அறிவிக்கப்பட்டவற்றை, 2018-இல் அபிகெயில் ஆல்வுட் நேரில் சென்று பார்த்து, பாறை நெரிபட்டு மடிந்த வடிவங்கள் என்றார். நாம் கால் வைத்து நிற்கும் பூமியிலேயே, சுத்தியலும் நுண்ணோக்கியும் கையில் இருந்தும் நிலைமை இதுவென்றால், கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் ஊர்தியின் கண் வழியே பார்ப்பவரின் இடர்ப்பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்திகள் தரையில் ஓடத் தொடங்கியபின் உருவங்கள் பெருகிவிட்டன. 2007-இல் ஸ்பிரிட் எடுத்த படத்தில் பாறைமேல் ஒரு பெண் அமர்ந்திருந்தாள். அவளது உயரம் சில சென்டிமீட்டர். 2014-இல் க்யூரியாசிட்டியின் படத்தில் தொடை எலும்பு கிடந்தது. 2022 பிப்ரவரியில் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள மலர் பூத்திருந்தது. அதே ஆண்டு மே மாதம் பாறைச் சுவரில் ஒரு கதவு தெரிந்தது, உயரம் சுமார் ஓர் அடி. 2025 ஜூலையில் பவளம். மலரும் பவளமும் நீரில் கரைந்த கனிமங்கள் பாறை வெடிப்பில் படிந்து, சுற்றியிருந்த மென்பாறையைக் காற்று அரித்துச் சென்றபின் எஞ்சியவை. 2014 ஜனவரியில் ஆப்பர்ச்சூனிட்டியின் முன்னே, பன்னிரண்டு நாள்களுக்கு முன் எடுத்த படத்தில் இல்லாத ஒரு கல் திடீரெனத் தோன்றியது. அது வளரும் உயிரி, நாசா அதனை ஆராய வேண்டும் என்று ஒருவர் நீதிமன்றம் வரை சென்றார். ஊர்தியின் சக்கரமே அக்கல்லைப் பெயர்த்துத் தள்ளியிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆவல் கொண்டவன் கண்ணுக்கும் அப்படித்தான் போலும்.

ஆனால் எல்லா வடிவத்தையும் இவ்வாறு சிரித்து ஒதுக்க முடியாது. 2007-இல் ஸ்பிரிட் ஊர்தியின் முன்னரே பழுதாகியிருந்த முன்சக்கரம் ஒன்று தரையில் இழுபட்டுச் சென்றது. அது கிளறிய மண்ணில் ஏறத்தாழத் தூய சிலிக்கா வெளிப்பட்டது; அருகே விரல் விரலாகக் கிளைத்த சிலிக்கா முடிச்சுகள் இருந்தன. ஸ்டீவன் ரஃப், ஜாக் ஃபார்மர் இருவரும் சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில், 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகளுக்குச் சென்றார்கள். அங்கே அதே விரல் வடிவங்கள், அதே அளவில் இருந்தன. அவற்றை உருவாக்குவதில் நுண்ணுயிர்களுக்குப் பங்கிருந்தது. 2016-இல் அவர்கள் எழுதிய கட்டுரை, செவ்வாயின் விரல்களும் உயிரால் ஆனவை என்று சொல்லவில்லை. ஆகியிருக்கக் கூடும், அங்கே மீண்டும் சென்று பார்க்க வேண்டும் என்றது. ஸ்பிரிட்டோ 2009-இல் மணலில் சிக்கி, 2010 மார்ச்சுக்குப் பின் மௌனமாகிவிட்டது. எல் தாத்தியோ விரல்களிலுங்கூட உயிரின் பங்கு எவ்வளவு, ஆவியாகும் நீரின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.

ஸ்பெயின் நாட்டு அறிஞர் கார்சியா ரூயிஸ் இத்துறையில் செய்துள்ள தொண்டு பெரிது. சிலிக்காவும் பேரியம் கார்பனேட்டும் கலந்த கரைசலில், உயிரின் வாடையே இல்லாமல், சுருள்களையும் இழைகளையும் இலைகளையும் அவர் வளர்த்துக் காட்டினார். பழம்பாறையில் காணும் நுண்ணுயிர்ப் படிவங்களோடு அவற்றை வைத்தால் தேர்ந்த கண்ணும் தடுமாறும். 2021-இல் மக்மஹோன், காஸ்மிடிஸ் இருவரும் செவ்வாயில் நம்மை ஏமாற்றக்கூடிய இத்தகைய போலி அடையாளங்களைத் தொகுத்து எழுதினர். போலிகளை முன்கூட்டியே அறிந்துகொண்டு செல்வது ஆய்வாளனுக்கு நல்ல பாதுகாப்பு. மெக்கேயின் காலத்தில் இப்பட்டியல் இருந்திருந்தால் வழக்கு விரைந்து முடிந்திருக்கும்.

2021 பிப்ரவரி 18-ஆம் நாள் பெர்சிவரன்ஸ் ஊர்தி ஜெசிரோ என்னும் வட்டப் பள்ளத்தில் இறங்கியது. ஒருகாலத்தில் ஆறு ஒன்று பாய்ந்து ஏரியாய் நின்ற இடம் அது. 2024 ஜூலையில், அந்தப் பழைய ஆற்றுப் படுகையிலே, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள அம்புமுனை வடிவக் கல் ஒன்று கண்ணில் பட்டது. சேயாவா அருவி என்று அதற்குப் பெயரிட்டார்கள். அம்புமுனை வடிவத்தைப் பற்றி இம்முறை ஒருவரும் கவலைப்படவில்லை. கல்லின் மேல் சிறுத்தைப்புலியின் புள்ளி போன்ற மில்லிமீட்டர் அளவுப் புள்ளிகள் இருந்தன. நடுவே வெளிறி, ஓரம் கறுத்தவை. அந்தப் புள்ளிகளில் இரும்புப் பாஸ்பேட்டும் இரும்புச் சல்பைடும் இருப்பதையும், சேற்றுக்கல்லில் கரிமப் பொருள் கலந்திருப்பதையும் கருவிகள் காட்டின. நம் பூமியின் ஏரிச் சேற்றில், கரிமத்தை உண்டு இரும்பையும் கந்தகத்தையும் மாற்றும் நுண்ணுயிர்கள் இத்தகைய கனிமங்களை விட்டுச் செல்கின்றன. உயிரின்றியும் சல்பைடு உண்டாகலாம். அதற்குப் பொதுவாக மிகுந்த வெப்பம் வேண்டும். இப்பாறை அத்தகைய வெப்பத்தைக் கண்டதற்கு அடையாளம் காணப்படவில்லை. ஜோயல் ஹ்யூரோவிட்ஸ் தலைமையில் இக்கட்டுரை 2025 செப்டம்பர் 10-இல் 'நேச்சர்' ஏட்டில் வெளியாயிற்று. ஓராண்டுக் காலம் வெளியார் பலரால் துருவித் துருவி வினவப்பட்ட பின்னரே அது அச்சேறியது.

அக்கட்டுரை ஆளும் சொல்லை நாம் கவனிக்க வேண்டும். உயிரின் சான்று என்று அதில் இல்லை. உயிரின் அடையாளமாக இருக்கக்கூடியது என்றே உள்ளது. நாசா அறிஞர்கள் 2021-இல் வகுத்த ஏழு படிகள் கொண்ட ஓர் அளவுகோலும் இப்போது உண்டு. முதற்படி, அடையாளம் ஒன்று கண்ணில் படுவது. பூமியிலிருந்து கலந்த மாசன்று என்று உறுதி செய்வது அதற்கடுத்தது; உயிரின்றி அது தோன்றும் வழிகளையெல்லாம் அடைப்பது அதற்கும் மேலே. ஓர்கேய் கல்லில் மகரந்தமும், ஆலன் குன்றின் கல்லில் பனிநீரும், டாசனின் பளிங்கில் எரிமலையும் கற்றுக்கொடுத்தவற்றை அப்படிகளில் நாம் அடையாளம் காண முடிகிறது.

புள்ளிகளின் உண்மையை அறிய வேண்டுமானால் அக்கல்லை இங்கே கொணர்ந்து, ஐசோடோப்புகளை அளந்து, அணு அணுவாகச் சீவிப் பார்க்க வேண்டும். ஊர்தியின் சிறு கருவிகளால் அது இயலாது. 2024 ஜூலை 21-ஆம் நாள் பெர்சிவரன்ஸ் அக்கல்லைத் துளைத்து, சுண்ணாம்புக்கட்டித் துண்டு பருமனில் ஒரு மாதிரியை எடுத்து உலோகக் குழாயில் அடைத்து முத்திரையிட்டது. நீலக்கல் பள்ளத்தாக்கு என்னும் பொருளில் அம்மாதிரிக்கு சஃபயர் கேன்யன் என்று பெயர். அதனைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டம் செலவு பெருகியதால் தடுமாறிப்போயிற்று. குழாய் செவ்வாயிலேயே, ஊர்தியின் வயிற்றுக்குள் இருக்கிறது.